ஏரிக்கரையும் கணவாயும்: சவோயில் ஆறு நாள் சைக்கிள்

நாள் 1: சாம்பெரி

அண்ணன் மகன் பிரான்சில், லியோனில் படிக்கிறான். "சித்தப்பா, ஒரு தடவை வாங்க, ஆல்ப்ஸ்ல சைக்கிள் ஓட்டலாம்" என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்கு வயது 23, எனக்கு 51. மதுரையில் ஞாயிற்றுக்கிழமைகளில் அழகர்கோவில் வரை போய்த் திரும்புவேன், 40 கிலோமீட்டர் வரும். அதில் மேடு என்று சொல்ல ஒரு பாலம்கூடக் கிடையாது. இதை அவனிடம் சொல்லாமலே டிக்கெட் போட்டுவிட்டேன்.

லியோனிலிருந்து, ஆல்ப்ஸ் பக்கத்துச் சவோய்ப் பகுதியில் இருக்கும் சாம்பெரிக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரம். முன்சக்கரத்தைத் தூக்கிக் கொக்கியில் மாட்டி, சைக்கிளைச் செங்குத்தாகத் தொங்கவிட வேண்டும். பைகளைக் கழற்றாமல் தூக்கப் பார்த்தேன். பின்னால் நின்ற பாட்டி சிரித்துவிட்டார். என் சைக்கிள் வாடகைக்கு எடுத்தது, கனமானது. அவனுடையது ஒரு விரலில் தூக்கலாம்.

சாம்பெரி நடுவில் யானைகள் நிற்கின்றன. ஆல்ப்ஸ் அடிவாரத்து ஊரில் எதற்கு யானை என்று கேட்டால் பதில் மதராஸ் வரை வருகிறது. பெனுவா த புவாஞ் என்பவர் 1751இல் இந்த ஊரில் பிறந்தவர். ஐரோப்பாவில் ஒன்றிரண்டு படைகளில் இருந்துவிட்டு, கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் சேர்ந்தார். அங்கே வளர்ச்சி இல்லை என்று வடக்கே போய், மராட்டியத் தலைவர் மகாதாஜி சிந்தியாவுக்கு ஐரோப்பிய முறையில் பெரிய படையைப் பழக்கிக் கொடுத்தார். பெரும் பணக்காரராக ஊர் திரும்பி, ஆஸ்பத்திரிக்கும் ஏழைகளுக்கும் வாரிக் கொடுத்திருக்கிறார். அவர் 1830இல் இறந்தார். 1838இல் ஊர்க்காரர்கள் இந்த நீரூற்றைக் கட்டினார்கள். உயரமான தூண், உச்சியில் அவர் சிலை, கீழே நாலு திசைக்கும் நாலு யானை. யானைகளுக்கு முன்பாதி மட்டும்தான், பின்பாதி தூணுக்குள் போய்விட்டது. உள்ளூர்க்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் செல்லப் பெயரைக் கௌரவமாகத் தமிழில் சொன்னால் "பின்புறமில்லா நால்வர்". பிரெஞ்சில் இவ்வளவு கௌரவம் இல்லை.

முகத்தைப் பார்த்தால் யானையை நேரில் பார்த்துச் செய்ததுபோல் எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் தும்பிக்கையிலிருந்து தண்ணீர் கொட்டுவதைப் பார்க்க, ஊர்க் கோயில் ஞாபகம் வந்து கொஞ்ச நேரம் நின்றேன்.

நாள் 2: சாம்பெரி – ஷனாஸ், 46 கி.மீ.

லேஸ் ஆற்றை ஒட்டி ஒரு சைக்கிள் பாதை ஊருக்குள்ளிருந்தே ஏரி வரை போகிறது. கார் இல்லை, லாரி இல்லை, மேடும் இல்லை. "ஆல்ப்ஸ் இவ்வளவுதானா?" என்றேன். அவன் பதில் சொல்லவில்லை.

பூர்ஜே ஏரி. 18 கிலோமீட்டர் நீளம், ஆழமான இடத்தில் 145 மீட்டர். முழுக்க பிரான்சுக்குள்ளேயே இருக்கும், பனியாறு உருவாக்கிய ஏரிகளில் இதுதான் பெரியது. லெமான், அதாவது ஜெனீவா ஏரி, இதைவிடப் பெரிது, ஆனால் அதில் பாதிக்கு மேல் சுவிஸ்காரர்களுடையது. மேற்குக் கரையில் மலை நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. அதன் உச்சியில் துருத்திக்கொண்டிருக்கும் பாறைக்குப் பெயர் பூனைப் பல். நாங்கள் கிழக்குக் கரையில் போனதால் நாள் முழுக்க அந்தப் பல் கூடவே வந்தது.

எக்ஸ்-லெ-பேன் வெந்நீர் ஊற்றுக்குப் பேர்போன ஊர். மூட்டுவலிக்காரர்கள் இரண்டாயிரம் வருடமாக வருகிறார்கள், ரோமானியர் காலத்து மிச்சங்கள் இன்னும் நிற்கின்றன. விக்டோரியா மகாராணியே மூன்று தடவை வந்திருக்கிறார். முழங்கால் இன்னும் வலிக்க ஆரம்பிக்காததால் நான் நிற்காமல் போனேன். திரும்பி வரும்போது தேவைப்படும் என்றான் பையன்.

அடுத்து கிரெசீன் என்ற சின்ன வளைவு. பார்க்க ஒன்றுமே இல்லை: நாணல், நாலு வாத்து, ஒரு பலகை. ஆனால் தண்ணீருக்கடியில் வெண்கலக் கால மக்கள் குத்துக்கால் நட்டுக் கட்டிய வீடுகளின் கட்டைகள் இருக்கின்றன. ஆல்ப்ஸைச் சுற்றி ஆறு நாடுகளில் இப்படி 111 இடங்களைச் சேர்த்து 2011இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தது. கண்ணுக்குத் தெரியாத பாரம்பரியச் சின்னத்தை இதற்கு முன் நான் பார்த்ததில்லை. பார்த்தேன் என்று இப்போதும் சொல்ல முடியாது.

எதிர்க்கரையில் ஓத்கோம்ப் மடம், வெள்ளையாக, தண்ணீரில் மிதப்பதுபோல். சவோய் வம்சத்தாரின் கல்லறைகள் அங்கேதான். இந்தப் பகுதி பிரான்சோடு சேர்ந்ததே 1860இல்தான். அதே வம்சம்தான் அப்புறம் இத்தாலியை ஆண்டது. இத்தாலியின் கடைசி ராஜா உம்பெர்த்தோவை 1983இல் இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். நாடு கடத்தப்பட்டவருக்கு, முன்னோர் ஊரில் இடம்.

ஒரு பாடம்: பிரெஞ்சுக் கிராமத்தில் பன்னிரண்டு மணிக்குள் சாப்பாடு வாங்கிவிட வேண்டும். நாங்கள் 12.40க்கு ஒரு ரொட்டிக் கடை முன்னால் போய் நின்றோம். உள்ளே ரொட்டி தெரிகிறது, கதவு பூட்டியிருக்கிறது. மூன்று மணிக்குத்தான் திறப்பார்களாம். பையில் இருந்த ஒரு வாழைப்பழத்தை இரண்டாகப் பிய்த்துச் சாப்பிட்டோம். "காலையிலேயே வாங்கியிருக்கணும்" என்று அவன் என்னிடம் சொன்னான், நான் அவனிடம் சொன்னேன்.

இரவு ஷனாஸில். ஏரியையும் ரோன் நதியையும் இணைக்கும் சவியேர் கால்வாய் இந்த ஊர் வாசல் வழியாகத்தான் ஓடுகிறது. வழக்கமாக ஏரித் தண்ணீர் ஆற்றுக்குப் போகும். ரோனில் வெள்ளம் வந்தால் கால்வாய் திரும்பிக்கொள்ளும், ஆற்றுத் தண்ணீர் ஏரிக்குள் வரும். அதாவது இவ்வளவு பெரிய ஏரி ஆற்றுக்கு வெள்ளம் வாங்கும் பாத்திரமாக வேலை செய்கிறது. இதை விடுதிக்காரர் விரலை முன்னும் பின்னும் ஆட்டி விளக்கினார், எனக்குப் பிரெஞ்சு தெரியாமலே புரிந்தது. இந்த ஊரைச் சவோயின் வெனிஸ் என்கிறார்கள். நாளைக்குப் போகும் அன்னெசி ஆல்ப்ஸின் வெனிஸாம். இந்தப் பக்கம் ஒரு வாய்க்காலும் இரண்டு பூத்தொட்டியும் இருந்தால் வெனிஸ்தான் போலிருக்கிறது.

நாள் 3: ஷனாஸ் – அன்னெசி, மழை

காலையிலிருந்து மழை. பாப்லர் மரத் தோப்புகள், திராட்சைத் தோட்டங்கள், ருமியி என்ற ஊர். எல்லாவற்றையும் மூக்குக் கண்ணாடியில் வழியும் தண்ணீர் வழியாகப் பார்த்தேன்.

ருமியி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் என் பின்சக்கரம் பஞ்சர். பதறவில்லை, மாற்று ட்யூப் இருக்கிறது. எடுத்துப் பார்த்தால் வாடகைக் கடைக்காரர் கொடுத்தது தடிமனான வால்வு வைத்த ட்யூப். என் சக்கரத்து ஓட்டையோ மெல்லிய வால்வுக்கானது, உள்ளே நுழையவே இல்லை. பையன் கைப்பேசியை எடுத்துப் பக்கத்தில் கடை தேட ஆரம்பித்தான். ஒன்பது கிலோமீட்டர் என்றது.

வால்டியூப் ரப்பர் மாற்றி வளர்ந்த தலைமுறைக்கு இது ஒரு பிரச்சினையா? அவன் பையில் ஒட்டுப்போடும் பெட்டி ஒன்று பிரிக்காமலே கிடந்தது. சாலையோரக் கிராமத்தில் மாடு குடிக்கும் கல்தொட்டி ஒன்று. காற்றடித்த ட்யூபை அதில் முக்கினேன், குமிழி வந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டேன், துடைத்தேன், உப்புத்தாளால் உரசினேன், சொல்யூஷன் தடவி, ஊதி, காய விட்டு, ஒட்டை வைத்து அழுத்தினேன். பிறகு டயருக்குள் விரலை விட்டுத் தடவி, கருவேல முள் அளவுக்கு ஒரு கம்பித் துணுக்கையும் எடுத்தேன். இருபது நிமிடம். "எங்க சித்தப்பா கத்துக்கிட்டீங்க?" என்றான். இந்தப் பயணத்தில் அவன் என்னைப் பார்த்து வாயைப் பிளந்தது இதுவரை இந்த ஒரு தடவைதான் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

அன்னெசிக்கு ஈரத்தோடு வந்து சேர்ந்தோம். ஏரி எங்கே என்றே தெரியவில்லை, எல்லாம் ஒரே சாம்பல் நிறம்.

நாள் 4: ஏரியைச் சுற்றி, ஃபோர்க்லாஸ் கணவாய் வழியாக

காலையில் ஜன்னலைத் திறந்தால் நேற்று இல்லாத ஏரி இருக்கிறது, அதைச் சுற்றி நேற்று இல்லாத மலைகளும் இருக்கின்றன. லா தூர்னெத் சிகரத்தில் (2,351 மீ.) இன்னும் திட்டுத் திட்டாகப் பனி. ஜூன் மாதம்.

அன்னெசி ஏரியைச் சுற்றினால் 40 கிலோமீட்டர் சொச்சம். மேற்குக் கரையில் போகும் பாதை பழைய ரயில் தடம். அன்னெசிக்கும் ஆல்பெர்வில்லுக்கும் இடையே ஓடிய ரயில் நின்றுபோனது, தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டுத் தார் போட்டுச் சைக்கிளுக்குக் கொடுத்துவிட்டார்கள். ரயில் செங்குத்தாக ஏறாது, அதனால் பாதையும் ஏறாது. பழைய நிலையக் கட்டிடங்கள் அப்படியே வழியில் நிற்கின்றன. துவாங் என்ற இடத்தில் ரயில் குகைக்குள்ளேயே போகலாம். உள்ளே ஜில்லென்று இருந்தது. ஒரு குழந்தை "ஊ" என்று கத்திக்கொண்டு எதிரே வந்தது. நானும் பதிலுக்குக் கத்தினேன், அண்ணன் மகனுக்கு வெட்கமாகப் போயிற்று.

தூஸார் வரை இப்படிச் சொகுசு. அங்கிருந்து ரயில் தடத்தை விட்டு இடதுபக்கம் திரும்பினால் ஃபோர்க்லாஸ், 1,150 மீட்டர். ஏரி 447 மீட்டரில் இருக்கிறது. எட்டு கிலோமீட்டருக்குள் ஏறக்குறைய 650 மீட்டர் ஏற வேண்டும் என்று அவன் சொன்னபோது எனக்கு அது ஒரு எண்ணாகத்தான் கேட்டது.

இங்கே கணவாய்ச் சாலைகளில் கிலோமீட்டருக்கு ஒரு கல் நட்டிருக்கிறார்கள். உச்சிக்கு இன்னும் எத்தனை கிலோமீட்டர், இப்போது எவ்வளவு உயரத்தில் இருக்கிறாய், அடுத்த கிலோமீட்டரில் சராசரி ஏற்றம் எத்தனை சதவீதம், எல்லாம் அதில் இருக்கும். சைக்கிள்காரனுக்கு என்றே வைத்த கல். முதல் கல்லைப் பார்த்து எவ்வளவு அக்கறையான ஜனங்கள் என்று நினைத்தேன். இரண்டாவது கல்லில் 9% என்று இருந்தது. நூறு மீட்டர் போனால் ஒன்பது மீட்டர் மேலே. மூன்றாவது கல்லிலும் அதே கதை. அதற்குமேல் எனக்கு அக்கறை வேண்டாம், பொய் சொன்னால் போதும் என்றாகிவிட்டது.

அழகர்கோவில் சாலையில் மூச்சு என்று ஒன்று இருப்பதே தெரியாது. இங்கே அதைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. கடைசி கியருக்கு வந்துவிட்டேன். பழக்க தோஷத்தில் கட்டைவிரல் இன்னும் ஒரு கியர் தேடித் தட்டிக்கொண்டே இருந்தது. மணிக்கு ஆறு கிலோமீட்டர், அதற்கும் கீழே போனால் கால் ஊன்ற வேண்டியதுதான். இரண்டு தடவை ஊன்றினேன். ஒரு தடவை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். அப்போது எழுபது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர், பேட்டரி சைக்கிளும் இல்லை, சாதாரண சைக்கிளில், நிதானமாக என்னைக் கடந்து போனார். "பொன் கூராஜ்!" என்றார். தைரியமாக இரு என்று அர்த்தமாம். கேலி இல்லை, இங்கே எல்லோரும் சொல்வதுதான் என்று பையன் பிறகு சமாதானம் சொன்னான்.

மோன்மேன் கிராமத்தில் கொஞ்சம் சமமாகிறது. சர்ச் பக்கத்தில் குழாய். பாட்டிலை நிரப்பி, தலையில் ஊற்றி, மறுபடி நிரப்பினேன். குடிக்கக் கூடாத தண்ணீர் என்றால் அதற்கு ஒரு பலகை வைத்திருப்பார்கள், பார்த்துக் குடிக்க வேண்டும்.

உச்சிக்குப் போனபோது அவன் ஐம்பது நிமிடமாகக் காத்திருந்தான். காபி குடித்து முடித்து, தூங்கி, எழுந்தும் விட்டான். நான் எதுவும் பேசாமல் கைப்பிடிச் சுவரில் போய் உட்கார்ந்தேன். அப்புறம்தான் கீழே பார்த்தேன்.

கால் நுனிக்கு நேர் கீழே ஏரி. கரையோரம் வெளிர் பச்சை, சட்டென்று கோடு கிழித்ததுபோல் கருநீலம். துவாங் கோட்டை, காலையில் அவ்வளவு பெரிதாக இருந்தது, இப்போது தண்ணீருக்குள் நீட்டிய விரல் நகம். பாராகிளைடர்காரர்கள் பக்கத்துச் சரிவில் நாலு எட்டு ஓடிக் காற்றில் ஏறிக்கொள்கிறார்கள், தூஸாரில் போய் இறங்குகிறார்கள். நான் இவ்வளவு நேரம் ஏறிய உயரம் அவர்களுக்குச் சும்மா இறங்கும் உயரம். ஒருவர் எங்கள் தலைக்கு மேலே போகும்போது துணி படபடக்கும் சத்தம் கேட்டது.

தல்லுவார் பக்கம் இறக்கம் இன்னும் செங்குத்து. பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கச் சொன்னான். விடத்தான் தைரியம் வரவில்லை. கீழே வந்தபோது ஏறியபோது வலித்த கால் சரியாகி, விரல்கள் மரத்திருந்தன.

நாள் 5: அன்னெசி, ஓய்வு

அவனுக்கு ஓய்வு பிடிக்காது. தனியாக செம்னோஸ் மலைக்கு (1,699 மீ.) கிளம்பிவிட்டான். 2013 தூர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் கடைசிக்கு முந்தைய நாள் அங்கேதான் முடிந்தது, கொலம்பியாவின் கின்தானா ஜெயித்தார். அதை எனக்குக் காலை உணவின்போது நடித்தே காட்டினான்.

நான் ஏரியில் குளிக்கப் போனேன். இறங்கியதும் அம்மாடி என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன், அவ்வளவு குளிர். கழுத்தளவு தண்ணீரில் நின்று குனிந்தால் கால் விரல் பத்தும் தெரிகிறது.

இந்தத் தண்ணீர் எப்போதும் இப்படி இருக்கவில்லை. சுற்றுலா வளர வளர, கரையோர ஊர்களின் கழிவெல்லாம் நேரே ஏரிக்குள் விழுந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தை ஒட்டியே தண்ணீர் கெட ஆரம்பித்துவிட்டது. போல் செர்வெத்தாஸ் என்ற உள்ளூர் டாக்டர் ஏரி நோயில் விழுந்துவிட்டது என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். 1957இல் கரையோர ஊராட்சிகள் ஒன்றுகூடி ஒரு சங்கம் வைத்தன. ஏரியைச் சுற்றி ஒட்டியாணம் போலப் பெரிய சாக்கடைக் குழாய் பதித்து, எல்லா ஊர்க் கழிவையும் அதில் வாங்கி, ஏரித் தண்ணீர் வெளியேறும் பக்கத்துக்குக் கொண்டுபோய்ச் சுத்திகரித்தார்கள். ஒரு சொட்டுகூட ஏரிக்குள் திரும்பக் கூடாது என்பது திட்டம். இன்று ஊர்க்காரர்கள் குழாயில் குடிப்பது இந்த ஏரித் தண்ணீரைத்தான்.

எனக்கு ஆச்சரியம் குழாய் இல்லை. ஒரு ஊர் தன் கழிவைப் பக்கத்து ஊர் தலையில் கட்டாமல், அத்தனை ஊரும் ஒன்றாக உட்கார்ந்து பணம் போட்டதுதான். எங்கள் வண்டியூர்க் கண்மாய் கண் முன்னால் வந்தது. சரி, அதை வேறொரு நாள் எழுதுகிறேன்.

மாலையில் தியூ ஓடையோரம். ஏரியிலிருந்து கிளம்பி, நாலு கிலோமீட்டர்கூடப் போகாமல் ஃபியே ஆற்றில் சேர்ந்துவிடும் குட்டி நதி. அதன் நடுவில் கப்பல் முனை மாதிரி ஒரு கல் மாளிகை, ஒரு காலத்தில் சிறைச்சாலை. அதன் முன்னால் படம் எடுக்க வரிசையே நிற்கிறது. நானும் நின்றேன்.

நாள் 6: ஆராவி கணவாய், பிறகு ரயில்

கடைசி நாள், பெரிய மலை. பைகளை விடுதியில் வைத்துவிட்டு ஆறு மணிக்கே கிளம்பினோம். ப்ளூஃபி மேட்டைத் தாண்டியதும் ஏரி முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

தோன் ஊருக்கு முன்னால் சாலையோரம் மொரெத் கல்லறைத் தோட்டம். மேலே தெரியும் கிளியேர் பீடபூமியில் 1944 குளிர்காலத்தில், ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்த பிரெஞ்சு எதிர்ப்புப் படை இளைஞர்கள் பனிக்குள் பதுங்கியிருந்தார்கள், விமானத்திலிருந்து போடும் ஆயுதங்களுக்காக. மார்ச் கடைசியில் ஜெர்மன் படை தாக்கியது, கூடவே அவர்களுக்குத் துணைபோன பிரெஞ்சு மிலிஸ் படைக்காரர்களும். இங்கே 105 கல்லறைகள். சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு வரிசையாகப் பெயர்களையும் வயதையும் படித்துக்கொண்டு போனோம். பையன் ஓரிடத்தில் நின்றான். இருபத்திரண்டு என்று மட்டும் சொன்னான்.

லா க்ளூசாஸ் தாண்டி எட்டு கிலோமீட்டர் ஏற்றம். இந்தத் தடவை கல்லைப் படித்தேன், ஆனால் நம்பிக்கை வைக்கவில்லை, 7 என்றால் 9 என்றே எடுத்துக்கொண்டேன். வளைவுக்கு வளைவு மாட்டு மணிச் சத்தம். ஒரு தடவையும் கால் ஊன்றவில்லை. ஆராவி, 1,486 மீட்டர். ஒரு சின்னக் கோயில், நாலைந்து கடைகள், புல்வெளி. இங்கே நின்றால் ஆல்ப்ஸிலேயே உயரமான மோன் ப்ளான் சிகரம் நேர் எதிரே தெரியும் என்று ஆறு நாளாகச் சொல்லிக்கொண்டு வந்தான். எதிரே மேகம். முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். ஒரு முறை விலகுவதுபோல் விலகி, வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அது மலையா, இன்னொரு மேகமா என்று இன்னும் எங்களுக்குள் தீர்ப்பாகவில்லை.

"எவ்வளவு நேரமாக் காத்திருந்தே?" என்று கேட்டேன்.

"பதினெட்டு நிமிஷம், சித்தப்பா."

இறங்கும் வழியில் தோனில் ரெப்லொஷோன் சீஸ் வாங்கினோம். இதன் கதை நன்றாக இருக்கிறது. அந்தக் காலத்தில் கறந்த பாலின் அளவை வைத்துக் குத்தகை. நிலக்காரர் ஆள் வந்து அளக்கும்போது மடியைப் பாதி கறந்துவிட்டு நிறுத்திவிடுவார்களாம். ஆள் போனதும் மறுபடி கறப்பார்கள். இரண்டாவதாக வரும் பாலில் கொழுப்பு அதிகம், அதில் செய்தது இந்தச் சீஸ். பெயருக்கே மறுகறவை என்றுதான் பொருள். பச்சை முத்திரை இருந்தால் பண்ணையிலேயே செய்தது, சிவப்பு என்றால் கூட்டுப் பால்நிலையத்தில் செய்தது. பச்சையாகப் பார்த்து இரண்டு வாங்கினேன். ஏமாற்றிச் சேர்த்த பாலுக்கு என்ன ருசி!

இதை அன்னெசியிலிருந்து லியோன் போகும் ரயிலில் எழுதுகிறேன். சைக்கிளைப் பைகளைக் கழற்றிவிட்டுத்தான் தூக்கினேன், ஒரே தூக்கில் கொக்கி. சீஸ் என் பையில், பை என் இருக்கைக்கு மேலே. பெட்டியில் வெக்கை. எதிரே உட்கார்ந்திருந்த மாணவி இரண்டு தடவை தன் காலணியைக் குனிந்து பார்த்துவிட்டார். இப்போது பையன் காலையும் பார்க்கிறார். அவன் என்னைப் பார்க்கிறான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.